நிலத்தின் கீழ் ஓர் ஒழுக்கு



சில மாதங்களுக்கு முன்னர் எமது பாடசாலையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவளது வீட்டிலிருந்து நான்கு வளவு தள்ளி எரிபொருள் நிரப்பு நிலையம் ஒன்று உண்டு. அங்கே பெற்றோல் தொட்டிகளை மண்ணுக்குள் அன்றோ புதைத்து வைத்திருக்கிறார்கள், அவை ஒழுகினால் எங்களுக்கு எப்படித் தெரியவரும் என்பதே அவளது கேள்வி. கூரை ஒழுகினால் தலை நனைகின்றது. குடம் ஒழுகினால் இடுப்பு நனைகின்றது. மண்ணுக்குள் இருக்கும் தொட்டி ஒழுகுவதை யார் அறிவார்? அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. ஆகவே, இன்று அதனைச் சற்று விரித்துக் கூற முற்படுகின்றேன்.

உருக்குத் தொட்டி ஈரமண்ணிலே நெடுங்காலம் கிடந்தால் துருப்பிடிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. தொட்டி நன்றாக இருப்பினும், அதிலிருந்து செல்லும் குழாய்களும் அவற்றின் மூட்டுக்களும் தளர்ந்துவிடக் கூடும். அவ்வாறு கசியும் பெற்றோல் மண்ணினூடாகக் கீழே இறங்குகின்றது. ஒரு பகுதி மண்மணிகளில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பகுதி ஆவியாகும். எஞ்சியது நிலத்தடி நீரை அடையும். நீரிலும் இலேசானது ஆகையால் அது மேலே மிதக்கும். மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டால் போயிற்று என்று எண்ணுதல் தவறு. பெற்றோலில் உள்ள சில பொருள்கள் நீரிற் கரைந்து, நீரோடு நீராய்ப் பயணம் செய்கின்றன. அவற்றுள் பென்சீன் என்பது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவதென உறுதி செய்யப்பட்டது. குடிநீரில் அது ஓர் இலீற்றருக்கு 10 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒரு மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. நீரிலே பென்சீனின் மணத்தை மூக்கு உணர்வதற்கு, இந்த அளவிலும் பன்மடங்கு அதிகமாக அது கலந்திருத்தல் வேண்டும். கிணற்று நீரை அள்ளி முகர்ந்துவிட்டு, "மணமில்லை, குடிக்கலாம்" என்று தீர்ப்பளிப்பது எமது பழக்கம். மணம் இருப்பின் அஞ்ச வேண்டியதுதான். ஆனால் மணம் இல்லாமை நற்சான்று ஆகாது. கொதிக்கவைத்தல் கிருமிகளைக் கொல்லும். எண்ணெய்க்கு அது மருந்தன்று. நச்சாவியை அடுக்களையிலே பரப்பவும் கூடும். குளோரீன் இடுவதாலும் பயனில்லை.

அங்ஙனமாயின் உண்மையை அறிவது எவ்வாறு? ஆய்வாளர் முதலில் மண்வெட்டியை எடுப்பதில்லை. கணக்குப் புத்தகத்தை எடுக்கின்றார். தொட்டிக்கு வந்த எரிபொருள் எவ்வளவு, விற்றது எவ்வளவு, அளவுகோலை இறக்கிப் பார்த்தபோது எஞ்சியது எவ்வளவு என்று ஒப்பிடுகின்றார். நாள்தோறும் சிறிது சிறிதாகக் கணக்குக் குறைந்துவருமாயின், அங்கே ஐயம் எழுகின்றது. பின்னர் தொட்டியும் குழாய்களும் ஒழுகாமல் நிற்கின்றனவா என்று சோதிக்கின்றார்.

அடுத்ததாக, தொட்டியைச் சுற்றிப் பல இடங்களில் துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் மண் எடுக்கப்படுகின்றது. ஆவியை அளக்கும் கருவி கொண்டு அங்கேயே ஒரு முதற் சோதனை நடைபெறும். மண்ணைப் போத்தலில் இறுக மூடிக் குளிரில் வைத்தே ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல் வேண்டும். இல்லையேல் தேடும் பொருள் வழியிலேயே ஆவியாகிவிடும்.

மூன்றாவது படி நீரைப் பற்றியது. நிலத்தடி நீர் குளம்போல் அசையாது கிடப்பதன்று, மெல்ல நகர்வது. எத்திசையில் நகர்கின்றது என்பதை அறியக் குறைந்தது மூன்று அவதானிப்புக் கிணறுகள், ஒரே கோட்டில் அமையாது முக்கோணமாகத் தோண்டப்படுகின்றன. மூன்றிலும் நீர்மட்டத்தின் உயரத்தை ஒப்பிட்டால் சரிவு தெரியும். சரிவு தெரிந்தால் நஞ்சு செல்லும் வழி தெரியும். அதனாலேயே, நிலையத்துக்கு மிக அண்மையிலுள்ள கிணறு தப்பியிருக்க, தொலைவிலுள்ள கிணறு கெட்டுப்போதல் கூடும். பக்கத்து வளவு நீர் நன்று என்ற முடிவை நம் வளவுக்கு இரவல் வாங்க இயலாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இந்த ஆய்வு மேலும் கடினமாகின்றது. எமது நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புக்களினூடாக நீர் விரைந்து செல்லும். உள்நாட்டில் பெய்த மழை கீரிமலையிலே கடலோரத்தில் நன்னீராய் ஊறுவதை நாம் கண்டு மகிழ்கின்றோம். அந்நீருக்கு வழிவிட்ட கல், எண்ணெய்க்கும் வழிவிடும்.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே சன்ரா மொனிக்கா என்ற நகரம் உண்டு. பெற்றோலில் கலக்கப்பட்டுவந்த எம்.ரி.பி.ஈ. என்னும் பொருள் தனது கிணறுகளிற் கலந்திருப்பதை அந்நகரம் 1996ஆம் ஆண்டிற் கண்டது. நிரப்பு நிலையங்களின் நிலத்தடித் தொட்டிகளும் குழாய்களும் ஒழுகியதே காரணம். நகரின் குடிநீரில் ஏறத்தாழப் பாதியைத் தந்த கிணறுகள் மூடப்பட்டன. சானொக் என்னுமிடத்துக் கிணறுகளின் நீரைச் சுத்திகரித்து மீண்டும் வழங்க 2010ஆம் ஆண்டின் இறுதிவரை செல்ல நேர்ந்தது.

எமது சுன்னாகத்தில் நிகழ்ந்தது நிரப்பு நிலையத்தால் அன்று, மின் உற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெயால். ஆயினும் கிணற்றுக்கு வந்த துன்பம் ஒன்றே. துலாவும் கப்பியும் இருந்த முற்றங்களில் மக்கள் பவுசர் நீருக்காகக் காத்து நின்றனர். 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்துமாறு அந்நிலையத்தை நடத்திய கம்பனிக்குக் கட்டளையிட்டது. தீர்ப்பு வந்தது, ஆனால் கெட்ட நீர் தீர்ப்பினால் மட்டும் தெளிவதில்லை.

நேயர்களே, ஒழுகும் தொட்டியைத் தோண்டி எடுத்தல் சில நாள் வேலை. மண்ணையும் நீரையும் மீட்பதோ ஆண்டுக்கணக்கான வேலை. ஆகையால், நிலையத்தை நடத்துவோர் நாள்தோறும் எழுதும் கணக்கை நேர்மையாக எழுதுவதே முதற் காவல். அயலில் வாழ்வோர் நீரில் மணமோ எண்ணெய்ப் படலமோ கண்டால், அதனைக் குடிப்பதை நிறுத்திப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் முறையிடுதல் வேண்டும். எந்த நாள், எந்தக் கிணறு என்று குறித்து வைத்தல் நன்று. பரிசோதனை முடிவின் பிரதியைக் கேட்டுப் பெறுதலும் நன்று. அயலவர்மீது வதந்தி பரப்புவதாற் பயனில்லை. அளந்து பார்க்கும்படி கேட்பதாலேயே பயனுண்டு.

அம்மாணவிக்கு நான் இப்போது கூறும் விடை இதுதான்: மண்ணுக்குள் நிகழும் ஒழுக்குத் தானாகத் தெரியவராது, மகளே. தேடுகிறவர்களுக்கே அது தெரியும். உனது கேள்வியே அத்தேடலின் தொடக்கம்.