வளைவும் 'கர்வு'ம்
(இராசபாளையத்தில் ஆற்றிய உரை)



திருவில்லிபுத்தூரிலிருந்து வருகையில், உடன் வந்த இளைஞர், "ஐயா, அந்தக் கர்வில் பேருந்து மெல்லத்தான் திரும்பும்" என்றார். ஊர்ப்பெயரிலேயே வில்லைத் தாங்கியவர்க்கு 'வளைவு' வாய்க்கு வரவில்லை!

ஆங்கிலக் 'கர்வு', வளைந்தது எனப் பொருள்படும் இலத்தீன் 'குர்வுசு' என்பதன் வழிவந்தது. முதலிற் பெயரடையாய் நின்று, பின்னரே வளைகோட்டின் பெயராயிற்று. நம்மிடமும் வளைதலைக் குறிக்கக் 'குரங்குதல்' என்றொரு பழஞ்சொல் உண்டு. உடனே துள்ளாதீர்கள்! ஒலி ஒத்தால் உறவு நிலைநாட்டப்பட்டதாகாது. இங்கருகே முறம்பில் 1919இல் ஆசிரியப் பணி தொடங்கிய பாவாணர், 1974இல்தான் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்குநரானார். வேர் காண்பது வாழ்நாள் உழைப்பு.

ஆனால், வேர் காணும்வரை நம் சொற்களை ஏன் பூட்டி வைக்க வேண்டும்? ஆறு வளைகிறது, பாம்பு நெளிகிறது, முதுகு கூனுகிறது, தளிர்நுனி சுருள்கிறது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வொரு சொல்! 'கொடு' என்றாலும் வளைவே. முறை தவறிய ஆட்சியை வளைந்த கோலாகக் கண்டுதான் 'கொடுங்கோல்' என்றனர் முன்னோர். இத்தனையையும் ஒரு 'கர்வு'க்குள் திணித்தால் எஞ்சுவது என்ன?

இன்றிரவு அதே வழியில் திரும்புகிறோம். அவ்விளைஞரும் வருகிறார். அந்தத் திருப்பத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்கக் காத்திருக்கிறேன்.