தேடுவோர் கண்ணில் நம் கடை



பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை என்பது நம்மவர் வழக்கு. பூவின் மணமே ஆளை அழைத்து வந்துவிடும். ஆனால், இணையத்தில் கடை வைப்பவருக்கு அந்த வசதி இல்லை. வாங்க நினைப்பவர் கைப்பேசியில் இரண்டு மூன்று சொற்களைத் தட்டுகிறார். முதலில் தென்படும் சில பெயர்களைப் பார்த்து, பெரும்பாலும் அவற்றுள் ஒன்றைத்தான் அழைக்கிறார்.

தோட்டப்புறக் குடும்பங்களில் தையல், பலகாரம், மாலை கட்டுதல் என்று சிறு தொழில் செய்வோர் உண்டு. மகனோ மகளோ ஓர் இணையத் தளமும் அமைத்துக் கொடுத்திருக்கலாம். அந்தத் தளம் தேடலில் வராதபோது, "பணம் கொடுங்கள், கூகுளில் முதலிடம் வாங்கித் தருகிறோம்" என்று சிலர் வருகிறார்கள். பாடுபட்டுச் சேர்த்த பணத்தை அவர்களிடம் கொடுக்கலாமா? அதற்கு விடை காண, தேடல் நடக்கும் முறையை முதலில் அறிந்துகொள்வோம்.

லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரு மாணவர்கள் 1998ஆம் ஆண்டு கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினர். தேடுபொறியின் வேலை மூன்று. முதலாவது, வீடு வீடாகக் கணக்கெடுப்பவர் போல் இணையப் பக்கங்களைச் சென்று பார்ப்பது. இரண்டாவது, பார்த்தவற்றைப் பேரேட்டில் பதிவது போல் பதிந்து வைப்பது. மூன்றாவது, ஒருவர் தேடும்போது பொருத்தமானவற்றை வரிசைப்படுத்திக் காட்டுவது. பெண் கொடுக்குமுன் நாலு பேரிடம் விசாரிக்கிறோம் அல்லவா? அதுபோல, நம் பக்கத்துக்கு வேறு நல்ல பக்கங்கள் இணைப்புக் கொடுத்து வழிகாட்டினால், தேடுபொறி அதை நற்சான்றாக எடுத்துக்கொள்கிறது.

சுங்கை சிப்புட்டில் ஒரு குடும்பம் முறுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் தலைப்பில் "நல்வரவு" என்று மட்டும் இருந்தால் என்ன பயன்? "சுங்கை சிப்புட்டில் வீட்டு முறுக்கு, அதிரசம்" என்று இருக்கவேண்டும். வாங்குபவர் எந்தச் சொல்லால் தேடுவாரோ, அந்தச் சொல் பக்கத்தில் இருக்கவேண்டும். மலாய்க்காரரும் சீனரும் வாங்குவார்கள் என்றால், மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதவேண்டும். விலை, எடை, எத்தனை நாள் கெடாது, எந்த ஊருக்கு அனுப்புவோம் ஆகியவற்றை விளக்கமாகச் சொல்லவேண்டும். விலைப் பட்டியலைப் படமாக மட்டும் போடாமல், எழுத்தாகவும் போடுவது நல்லது.

தளம் கைப்பேசியில் விரைவாகத் திறக்கவேண்டும். கூகுள் இப்போது கைப்பேசியில் தெரியும் வடிவத்தையே முதன்மையாகக் கொள்கிறது. கடையின் பெயர், தொலைபேசி எண், திறக்கும் நேரம் ஆகியவற்றைக் கூகுள் வரைபடத்திலும் பதிந்துகொள்ளலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. வாடிக்கையாளர் உண்மையாக எழுதும் கருத்துகளும் நமக்குத் துணை.

நம் தளம் பதிவாகியிருக்கிறதா என்று அறியவும் வழி உண்டு. தேடும் இடத்தில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

குறுக்கு வழிகளை நாம் நாடக்கூடாது. ஒரே சொல்லை நூறு முறை எழுதுவது, வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்துப்போல் மறைத்து எழுதுவது, இணைப்புகளை விலைக்கு வாங்குவது எல்லாம் விதிமீறல்கள். 2006ஆம் ஆண்டு, பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே, தேடுபொறியை ஏமாற்றும் பக்கங்களை வைத்திருந்ததற்காகக் கூகுள் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. தளத்தைச் சரிசெய்த பிறகே மீண்டும் சேர்த்தது. பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால், நம் நிலை என்ன?

நேயர்களே, முதலிடத்துக்கு எவராலும் உறுதி கூற முடியாது என்று கூகுளே அறிவித்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கக்கூடியது விளம்பர இடம் மட்டுமே. அது விளம்பரம் என்ற குறிப்போடு தோன்றும். பணம் நின்றால் அதுவும் நின்றுவிடும். உதவிக்கு ஆள் வைப்பதில் தவறில்லை. ஆனால், அவர் என்னென்ன செய்யப்போகிறார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தளத்தின் முகவரி உங்கள் பெயரில் பதிவாகியிருக்கட்டும். கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்கட்டும். இல்லையேல், அவரோடு மனத்தாங்கல் வரும் நாளில் கடையே கைவிட்டுப் போகலாம்.

செய்த மாற்றங்களின் பலன் சில மணி நேரத்திலும் தெரியலாம், சில மாதங்களும் ஆகலாம். ஆகவே, தீபாவளி வியாபாரத்துக்குத் தீபாவளி வாரத்தில் ஆயத்தமானால் போதாது. பல மாதங்களுக்கு முன்பே தொடங்கவேண்டும். படித்த பிள்ளைகள் இன்றிரவே பெற்றோரை அருகில் அமர்த்தி, "வாங்க வருகிறவர்கள் நம்மிடம் என்ன கேட்கிறார்கள்?" என்று விசாரித்து, அந்தச் சொற்களையே எழுதட்டும். தளத்துக்கு வேண்டிய முதல் சரக்கு அதுவே.