கதை காட்டிய இருக்கை



ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்து வந்தேன். அந்நாளில் நமக்குத் தொலைக்காட்சி என்றால் தூர்தர்ஷன் ஒன்றுதான். அதில் சில காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் 'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்கத் தொடர் ஒளிபரப்பாயிற்று. விண்கலம் ஒன்றில் ஏறி, விண்மீன்களுக்கிடையே பயணம் செய்யும் சிலருடைய கதை அது. ஒரு திங்கட்கிழமை வகுப்பில் மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "ஐயா, அந்தக் கப்பல் ஒளியைக் காட்டிலும் விரைந்து செல்கிறதே, அது உண்மையில் இயலுமா? இயலாது என்றால், ஏன் இயலாது?" என்று கேட்டாள். "தொலைக்காட்சிக் கதையை வீட்டிலேயே விட்டுவிட்டு வா, அம்மா. இது இயற்பியல் வகுப்பு" என்றேன் நான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவள் அமர்ந்துவிட்டாள். அந்த ஆண்டு முடியும்வரை அவள் வேறு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

அன்று நான் செய்தது பிழை என்பதை உணரப் பல ஆண்டுகள் ஆயின. எவ்வாறு உணர்ந்தேன் என்பதைக் கூறவே இன்று உங்கள்முன் வந்திருக்கிறேன். ஒரு கதை, அதனை விரும்புவோருடைய வாழ்வில் என்ன செய்ய வல்லது? பொழுதைப் போக்குவதோடு அதன் பணி முடிந்துவிடுகிறதா? நான் ஏளனம் செய்த அதே கதையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

'ஸ்டார் டிரெக்' 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. அதனைப் படைத்தவர் ஜீன் ராடன்பரி. மூன்று பருவங்களில் 79 பகுதிகள் வெளிவந்தன. 1969இல் தொடர் நின்றது. வணிகக் கணக்கில் பார்த்தால் அது பெரிய வெற்றி பெற்ற தொடர் அன்று. எனினும், அதன்பின் தோன்றிய தொடர்கள் பலவற்றுக்கும் திரைப்படங்களுக்கும் அதுவே வேராயிற்று.

அது பிறந்த காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் கருப்பின மக்கள் தம் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தனர். வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவும் சோவியத் நாடும் ஒன்றையொன்று அஞ்சிப் படைக்கலம் குவித்து நின்றன. அந்த நாளில், வாரந்தோறும் வீட்டுக்குள் வந்த அந்தக் கப்பலின் மேல்தளத்தில் யார் யார் அமர்ந்திருந்தனர்? செய்தித் தொடர்பைக் கவனிக்கும் அதிகாரி ஒரு கருப்பினப் பெண். உஹூரா என்பது அவள் பெயர். விடுதலை என்று பொருள்படும் சுவாஹிலிச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. கப்பலைச் செலுத்துபவர் சுலு என்னும் ஆசியர். அவராக நடித்த ஜார்ஜ் டக்கே, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வழியினர் என்பதற்காகவே பெற்றோருடன் முகாமில் அடைக்கப்பட்டுச் சிறுவயதைக் கழித்தவர். இரண்டாம் பருவத்தில் ரஷ்ய இளைஞன் ஒருவனும் அவர்களோடு சேர்ந்தான். இவர்கள் ஒற்றுமையைப் பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்தவில்லை. அருகருகே அமர்ந்து தத்தம் வேலையைச் செய்தனர். சொல்லாமல் காட்டியதே அந்தக் கதையின் வலிமை.

உஹூராவாக நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ். அவர் பாடவும் ஆடவும் வல்லவர். முதற் பருவம் முடிந்த வேளையில், தொடரை விட்டு விலகி நியூயார்க் நாடக மேடைக்குச் செல்ல விரும்பினார். தமக்குக் கிடைத்த வசனங்கள் சிலவே என்ற குறையும் அவருக்கு இருந்தது. அப்போது ஒரு நிகழ்ச்சியில் மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்தார். தாம் அந்தத் தொடரின் அன்பர் என்றும், தம் பிள்ளைகள் விழித்திருந்து பார்ப்பதற்குத் தாமும் மனைவியும் அதனை அனுமதிப்பதாகவும் கிங் கூறினார். நிக்கல்ஸ் தம் எண்ணத்தைச் சொன்னபோது, விலகக் கூடாது என்று அவர் வற்புறுத்தினார். கருப்பினத்தார் எவ்வாறு காணப்பட வேண்டுமோ அவ்வாறே உலகம் அவர்களைக் காணும் இடம் அது என்பது அவர் கருத்து. இந்நிகழ்ச்சியை நிக்கல்ஸ் பலமுறை எடுத்துரைத்திருக்கிறார். அவர் விலகவில்லை.

அதன் பயனைச் சிக்காகோ நகரில் வளர்ந்த ஒரு சிறுமியிடம் காண்கிறோம். அவள் பெயர் மே ஜெமிசன். 1956இல் பிறந்தவள். அப்பல்லோ பயணங்கள் நடந்த காலத்தில், விண்வெளி வீரர்களுள் பெண் ஒருவர்கூட இல்லையே என்று சினந்தவள். நாட்டில் காண முடியாத ஒன்றை அவள் கதையில் கண்டாள். உஹூரா அமர்ந்திருந்த இருக்கையில் தன்னைப் போன்ற ஒருத்தி இருந்தாள். ஆனால், கதை பார்த்ததனாலேயே அவள் விண்ணுக்குச் சென்றுவிடவில்லை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் பயின்றாள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றாள். அமைதிப் படையின் மருத்துவராகச் சியரா லியோனிலும் லைபீரியாவிலும் பணியாற்றினாள். 1987இல் நாசா அவளைத் தேர்ந்தெடுத்தது. 1992 செப்டம்பர் 12ஆம் நாள் 'எண்டெவர்' விண்ணோடத்தில் ஏறி, விண்வெளிக்குச் சென்ற முதற் கருப்பினப் பெண்ணாக விளங்கினார், அன்று சிறுமியாயிருந்த டாக்டர் ஜெமிசன். அப்பயணத்தின்போது, உஹூரா வழக்கமாகக் கூறும் பணிச்சொல்லைக் கூறியே அவர் தம் வேலையைத் தொடங்கினார். மறு ஆண்டு, அக்கதைக் குடும்பத்தின் தொடர் ஒன்றில் தாமே ஒரு சிறு வேடத்தில் தோன்றினார். கதை வாழ்வுக்கு வந்தது. வாழ்வு மீண்டும் கதைக்குள் சென்றது.

நிக்கல்ஸும் வாளா இருக்கவில்லை. விண்வெளிப் பணிக்குப் பெண்களையும் சிறுபான்மை இனத்தாரையும் சேர்க்க 1977இல் நாசா முயன்றபோது, அவர் நாடெங்கும் சென்று இளைஞர்களை விண்ணப்பிக்குமாறு அழைத்தார். 1978இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 35 பேருள் ஆறு பெண்களும் மூன்று கருப்பினத்தாரும் ஓர் ஆசிய வழியினரும் இருந்தனர். இதற்குக் காரணங்கள் பல. நிக்கல்ஸின் அழைப்பும் அவற்றுள் ஒன்று.

இனி, பெரும்பெயர் பெறாத இருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்பாக் என்னும் பாத்திரத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மனிதத் தாய்க்கும் வேற்றுக்கோள் தந்தைக்கும் பிறந்தவன் அவன். இரு வேறு இனத்துப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண், 1968இல் ஸ்பாக்கின் பெயருக்கே ஒரு மடல் எழுதினாள். உடன் பயில்வோர் இரு பக்கத்திலும் தன்னை ஏற்கவில்லை என்பது அவள் துயரம். ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாய், இளையோர் இதழ் ஒன்றில் அவளுக்கு நீண்ட விடை எழுதினார். ஸ்பாக்கும் இளமையில் இரு இனத்தாராலும் ஒதுக்கப்பட்டவன். பிறர் விருப்பத்தைப் பெறுவதற்காகத் தன்னை மாற்றிக்கொள்ளாமல், தன் திறமையை வளர்த்துக்கொள்வதே மேல் என்று அவன் தெளிந்தான் என்பது அவ்விடையின் சாரம். ஒரு நடிகர் தம் வேடத்துக்குரிய பொறுப்பைத் திரைக்கு வெளியேயும் ஏற்றுக்கொண்டதை இங்கே காண்கிறோம்.

மற்றொருவர் ஜேம்ஸ் டூஹன். 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கரையில் கனடாப் படையோடு இறங்கிக் குண்டடி பட்டவர். தொடரில் ஸ்காட்டி என்னும் பொறியாளராக நடித்தவர். வாழ்வை வெறுத்த நிலையில் ஓர் இளம்பெண் அவருக்கு மடல் எழுதினாள். அவர் உடனே தொலைபேசியில் அழைத்தார். இன்ன ஊரில் அன்பர் கூட்டம் நடக்கிறது, நான் அங்கு இருப்பேன், நீயும் வர வேண்டும் என்றார். அவள் வந்தாள். அடுத்த கூட்டத்துக்கும் வரச் சொன்னார். இப்படியே சில ஆண்டுகள் சென்றன. பிறகு பல ஆண்டுகள் அவளிடமிருந்து செய்தி இல்லை. ஒருநாள் ஒரு மடல் வந்தது. மின்னணுப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றுவிட்டதாகவும், அவருக்கு நன்றி என்றும் அதில் எழுதியிருந்தது. இதனைக் கூறும்போது அந்த முதியவரின் கண்கள் கலங்கின. தம் வாழ்வில் தாம் செய்த மிகச் சிறந்த செயல் அதுவே என்று அவர் கருதினார். நண்பர்களே, துன்பம் மிகுந்தபோது ஒருவரிடம் வாய்திறந்து சொல்வதும், சொன்னவரின் கையை விடாமலிருப்பதும் எவ்வளவு பெரியவை என்பதை இதிலிருந்து அறியலாம்.

அன்பர்கள் ஒருங்கு சேர்ந்தபோது என்ன நிகழ்ந்தது? இரண்டாம் பருவத்தோடு தொடர் நின்றுவிடும் என்ற செய்தி பரவியதும், நாடெங்கிலுமிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மடல்கள் தொலைக்காட்சி நிலையத்துக்குச் சென்றன. 1968 ஜனவரியில் கால்டெக் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் நிலையத்தின் பர்பாங்க் அலுவலகத்துக்கு ஊர்வலமாகச் சென்றனர். மார்ச் முதல் நாள், தொடர் நீடிக்கும் என்று நிலையம் ஒளிபரப்பிலேயே அறிவித்தது. அவர்கள் ஒரு கல்லையும் எறியவில்லை. எழுதினர், நடந்தனர், கேட்டனர். மக்களாட்சியில் குடிமகன் கற்க வேண்டிய பாடம் ஒன்றை ஒரு கதையின் பொருட்டுக் கற்றுக்கொண்டனர் எனலாம்.

ஆனால், விரும்பும் கதையின் குறையைக் காணவும் நாம் கற்க வேண்டும். ராடன்பரி முதலில் எடுத்த மாதிரிப் பகுதியில் கப்பலின் இரண்டாம் தலைவர் ஒரு பெண். அப்பகுதி ஏற்கப்படவில்லை, அந்தப் பாத்திரமும் மறைந்தது. 1969 ஜூன் 3ஆம் நாள் வெளிவந்த இறுதிப் பகுதியிலோ, கப்பல் தலைமை பெண்களுக்கு எட்டாதது என்ற கருத்தே இடம்பெற்றது. வருங்காலத்தைக் காட்டிய கதையிலும் தன் காலத்தின் கறை படிந்திருந்தது. அன்பர்கள் பலர் அக்குறையை மூடி மறைக்கவில்லை, கடிந்து எழுதினர். கால் நூற்றாண்டு கடந்து, 1995இல் தொடங்கிய 'வாயேஜர்' தொடரில் ஒரு பெண் கப்பல் தலைவரானாள். கதையை விரும்புவது வேறு; அக்கதை விரும்பிய நல்லதை நாமும் விரும்புவது வேறு. பின்னதுதான் ஒருவனை உயர்த்தும். அவ்வாறு விரும்புபவன் கதையையும் திருத்துவான், தன்னையும் திருத்திக்கொள்வான்.

இப்போது என் வகுப்புக்குத் திரும்புகிறேன். 1994இல் மிகுவேல் அல்குபியேர் என்னும் மெக்சிகோ நாட்டு இயற்பியலார் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒளியைக் காட்டிலும் விரைந்து ஓரிடத்தை அடைய வழி உண்டா என்பதே அதன் பொருள். கப்பலின் முன்னே வெளியைச் சுருக்கியும் பின்னே விரித்தும் செல்வதாகக் கொண்டால், ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியற் கொள்கைக்கு மாறுபடாத ஒரு தீர்வு கிடைக்கிறது என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அதற்கு எதிர் ஆற்றல் வேண்டும். ஆகவே அத்தகைய கப்பலை நாம் கட்டிவிட முடியாது. ஆயினும் அது தூய இயற்பியல். அந்த எண்ணம் அவருக்கு எழத் தூண்டியது 'ஸ்டார் டிரெக்' தொடரே. அக்கட்டுரையைப் பற்றிப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் மாணவி கேட்ட கேள்வி அதுவே அல்லவா? "ஏன் இயலாது?" என்ற அவ்வினா சார்பியற் கொள்கைக்குள் நுழையும் நேர்வாயில். அந்த வாயிலைத் திறக்க வேண்டிய ஆசிரியன், அதனைச் சிரிப்பொலியால் அடைத்தேன். அவள் இன்று எங்கிருக்கிறாள் என்பதை அறியேன். எங்கிருந்தாலும், அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டவன்.

முடிக்குமுன் ஒரு செய்தி. 1976இல் அமெரிக்காவின் முதல் விண்ணோடம் உருவானபோது, அன்பர்கள் குடியரசுத் தலைவர் ஃபோர்டுக்கு மடல்கள் எழுதிக் குவித்தனர். அதனால் 'கான்ஸ்டிடியூஷன்' என்று பெயர் பெறவிருந்த அவ்வோடம், கதையில் வரும் கப்பலின் பெயரால் 'எண்டர்பிரைஸ்' எனப்பட்டது. அந்த ஓடம் விண்வெளிக்குச் சென்றதே இல்லை. 1977இல் அதனை வானில் விடுத்து, எவ்வாறு தரையிறங்குவது என்று சோதித்தனர். அச்சோதனைகளால் கிடைத்த அறிவைக் கொண்டே பின்வந்த ஓடங்கள் விண்ணுக்குச் சென்று பத்திரமாகத் திரும்பக் கற்றன. டாக்டர் ஜெமிசன் ஏறிய 'எண்டெவர்' அவற்றுள் ஒன்று.

நல்ல கதையும் அத்தகையதே. தான் விண்ணுக்குச் செல்லாது. செல்வோருக்கு வழி காட்டும். நீங்கள் விரும்பும் கதை எதுவாயினும், அதில் உங்களுக்கென ஓர் இருக்கை தென்பட்டால், அங்குச் சென்று அமர்வதற்கு என்ன படிக்க வேண்டும், எவ்வளவு உழைக்க வேண்டும் என்று கேளுங்கள். கேள்வி எழுந்தால், யார் சிரித்தாலும் எழுந்து நின்று கேளுங்கள். உங்களுள் ஆசிரியராகப் போகிறவர்கள், அப்படி எழுந்து நிற்கும் பிள்ளையை உட்காரச் சொல்லிவிடாதீர்கள்.