முதலிற் செலவைச் சுருக்குக!
(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வரியே வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆசிரியருக்குச் சம்பளமும், ஆசுபத்திரிக்கு மருந்தும், குளக்கட்டுக்குத் திருத்தமும் வரிப்பணத்தினாலேயே ஆகவேண்டும். ஆனால், தந்த பணம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை கூறாது, மேலும் ஒரு சதம் கேட்பதற்கு எந்த அரசுக்கும் உரிமையில்லை. இதுவே நமது நிலை.

அண்மைக் கால வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 2019 டிசம்பரிற் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. நாடு மகிழ்ந்தது. செலவோ குறைக்கப்படவில்லை. துண்டு விழுந்த தொகைக்காகப் பணம் அச்சிடப்பட்டது. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அரசு கைவிரித்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதமாயிற்று. செலவைக் குறையாது வரியைக் குறைப்பது சலுகையன்று. அது கொல்லைப்புற வழியாக வரும் வரியே. விலையேற்றம் என்னும் அவ்வரிக்குப் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பும் இல்லை.

பின்னர் நிகழ்ந்தது யாது? அதே பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 12 வீதம், செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என ஏறிற்று. டீசலும் அதனுள் அடங்கியது. உழவு இயந்திரம் ஓடுவது டீசலினாலன்றோ? வியாபாரி தன் வரியை விலையோடு சேர்த்துவிடுவான். நெல்லின் விலையைத் தானே நிர்ணயிக்க முடியாத கமக்காரன் யார்மேற் சுமத்துவான்?

உத்தியோகத்தர் நிலையும் அதுவே. 2023 ஜனவரி முதல், மாதம் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 36 வீதம் வரை வரி விழுந்தது. வைத்தியரும் பொறியியலாளரும் விரிவுரையாளரும் வீதிக்கு வந்தனர். 2025 ஏப்ரலில் அவ்வெல்லை ஒன்றரை இலட்சமாக உயர்ந்தது. அது ஆறுதலேயன்றித் தீர்வன்று.

அங்ஙனமாயின் எதைச் சுருக்குவது? 1953இல் அரசு சிக்கனத்தின் பெயரால், பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது; அக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். ஏழையின் சோற்றிற் கைவைப்பது சிக்கனமாகாது.

கத்தரி மேலிடத்திலிருந்து தொடங்கவேண்டும். 2013இல் 20 கோடி டொலருக்கு மேற் செலவிட்டுத் திறந்த மத்தள விமான நிலையம் நட்டத்தையே ஈட்டியது. போர் 2009இல் முடிந்தது. இரண்டு இலட்சம் பேர் கொண்ட தரைப்படையை 2030க்குள் ஓர் இலட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அரசே அறிவித்தது. அவ்வாக்கைக் காப்பாற்றும்படி கேட்பது இனத்துவேஷமன்று. வரி செலுத்துவோரின் உரிமை.

ஆகவே நாம் கோருவன மூன்று. பயனற்ற நிர்மாணங்களுக்குக் கடன் வாங்குவதை நிறுத்துக. படைச் செலவைச் சமாதான காலத்துக்கேற்பக் குறைக்க. இவ்விரண்டின் கணக்கையும் மக்கள்முன் வைக்குமுன் புதிய வரி எதனையும் விதியாதொழிக.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். நம் பணத்தை அளந்து செலவிடும்படி கேட்க நமக்கு அச்சமேன்? கட்சி பேதமின்றிக் கேட்போமாக!