மூளை சொல்லும் பதில்

(மந்திர் மார்க்கில் தமிழ்த் தாய்மார்களிடையே ஆற்றிய உரை)



பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று எப்படிப் பார்க்கிறோம்? பின்னால் நின்று தட்டைத் தட்டுகிறோம். பிள்ளை திரும்பினால் மகிழ்கிறோம். ஆனால் நம் நிழலைப் பார்த்தும் பிள்ளை திரும்பலாம். தரை அதிர்ந்தாலும் திரும்பலாம். "இவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வார். அப்படியே இரண்டு வருடம் போய்விடும்.

கைக்குழந்தையால் பதில் சொல்ல முடியாது. ஆனால் அதன் மூளை பதில் சொல்லும்.

காதில் ஒலி விழுந்ததும் நரம்பில் மிகச் சிறிய மின்சாரம் ஓடுகிறது. தலையில் சிறு பட்டைகளை ஒட்டி அதை அளக்கலாம். இதுதான் 'பெரா' சோதனை. இதில் வலி இல்லை. குழந்தை தூங்கும்போதே செய்வார்கள்.

சில பிள்ளைகளுக்குச் சாதாரணக் காது கருவி போதும். சிலருக்கு உள்காதே வேலை செய்யாது. அவர்களுக்குக் 'காக்ளியர் இம்ப்ளான்ட்' வைக்கிறார்கள். உள்காதில் வைத்த மெல்லிய கம்பி நரம்பைத் தூண்டுகிறது. எவ்வளவு மின்சாரம் தர வேண்டும்? கூடினால் பிள்ளை அழும். குறைந்தால் கேட்காது. அங்கேயும் நரம்பின் பதிலை அளந்து பார்த்து, கருவியைச் சரிசெய்ய உதவியாகக் கொள்கிறார்கள்.

இனி முக்கியமான செய்தி. அமெரிக்காவில் அனு சர்மா என்ற அறிவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் இப்படிக் கருவி பொருத்திய 104 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றரை வயதுக்குள் கருவி பெற்றவர்களின் மூளை, கேட்கும் பிள்ளைகளின் மூளையைப் போலவே பதில் தந்தது. 7 வயதுக்குப் பிறகு பெற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பதில் தாமதமாகவே வந்தது. ஒலியே வராவிட்டால், மூளையில் கேட்பதற்கான இடம் வேறு வேலைக்குப் போகத் தொடங்கும்.

செலவு பல லட்சம் ஆகும். ஆனால் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. மத்திய அரசின் 'அடிப்' திட்டமும் உண்டு. இரண்டிலும் வயது வரம்பு இருக்கிறது. வருமான வரம்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். தில்லியில் இருப்பவர்களுக்கு ராம் மனோகர் லோகியா மருத்துவமனை பக்கத்தில்தான். காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள்.

கருவி வைத்ததும் பிள்ளை பேசிவிடாது. பேச்சுப் பயிற்சி வேண்டும். வீட்டில் ஓயாமல் பேசவும் வேண்டும். குளிக்கும்போது "தண்ணீர்" என்று சொல்லுங்கள். சாப்பிடும்போது "சோறு" என்று சொல்லுங்கள்.

வயது கடந்துவிட்டதா? மனம் தளராதீர்கள். சைகை மொழி உண்டு. அதற்கான பள்ளிகளும் உண்டு.

சந்தேகம் வந்த அன்றே சோதனைக்குப் போங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.