விராலடிப்பானின் மறுபாதி

மார்ச் முடியப் போகிறது. ஐப்பசி மழையோடு காரைக்காலில் நம் அரசலாற்று முகத்துவாரத்துக்கு வந்த ஒரு விருந்தாளி கிளம்புகிற நேரம் இது. இன்று காலையில் பட்டுப்போன பனைமேல் உட்கார்ந்திருக்கும். நாளைக் காலையில் அந்தப் பனை வெறுமனே நிற்கும். விராலடிப்பான் என்று அந்தப் பறவைக்குப் பெயர்.

நம்மில் பலர் அதைக் கருடன் என்றே நினைத்துக் கடந்து போகிறோம். கருடனுக்கு உடம்பு செம்மண் நிறம். விராலடிப்பானுக்கு வயிறு வெள்ளை. கண்ணிலிருந்து பிடரி வரைக்கும் மை தீட்டியதுபோல ஒரு கறுப்புப் பட்டை. கருடன் தண்ணீர்ப் பரப்பில் கிடப்பதைக் காலால் அள்ளிக்கொண்டு போகும். இது தண்ணீருக்குள்ளேயே விழும். அந்தரத்தில் சிறகடித்து ஒரு கணம் நிற்கும், காலை முன்னே நீட்டும், பொத்தென்று பாயும். மேலே வரும்போது மடவை ஒன்று பிடியில் துள்ளும். வழுக்குகிற மீனைப் பிடிக்கவென்றே அதன் பாதத்தின் அடியில் முள்முள்ளாய்ச் சொரசொரப்பு இருக்கிறது. வெளிவிரலைப் பின்னால் திருப்பி, முன்னால் இரண்டு பின்னால் இரண்டு என்று இடுக்கிபோல் பற்றும். உடம்பை உதறி ஈரத்தைச் சிதறடித்துவிட்டு, மீனின் தலை முன்பக்கம் வருகிற மாதிரி திருப்பிக்கொள்ளும். அப்படிப் பிடித்தால் காற்று தடுக்காது.

சிறு வயதிலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். பார்த்தபோதெல்லாம் அது தனியாகத்தான் இருந்தது. அதற்குத் துணை உண்டா, குஞ்சு உண்டா, எந்த மரத்தில் வீடு? ஆற்றங்கரையில் நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் இதற்கெல்லாம் விடை கிடைக்காது. அது இங்கே கூடு கட்டுவதில்லை. நம் கரைக்கு வருபவை வடக்கே ஆசியாவின் குளிர்நாடுகளில் முட்டையிட்டுவிட்டு வருபவை. அரை வருஷ வாழ்க்கையை மட்டும் நமக்குக் காட்டிவிட்டுப் போகின்றன.

மறுபாதியை நான் பார்த்தது கைபேசியில். ஸ்காட்லாந்தில் லோக் ஆஃப் த லோஸ் என்று ஓர் ஏரி. அதன் கரையிலுள்ள மரத்து உச்சியில், விராலடிப்பான் கூட்டுக்கு நேரே கேமரா வைத்து, வனவிலங்கு அறக்கட்டளை ஒன்று நேரலையாகக் காட்டுகிறது. அந்த நாட்டுப் பறவைகள் குளிருக்கு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. நம் முகத்துவாரத்துக்கு வருவதில்லை. ஆனாலும் அதே இனம், அதே குடும்ப வாழ்க்கை.

இந்தக் கேமராவுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. துப்பாக்கிக்காரர்களும் முட்டை சேகரிப்பவர்களுமாகச் சேர்ந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்காட்லாந்தில் இந்தப் பறவையின் கூடு இல்லாமல் செய்துவிட்டார்கள். 1954-இல் ஓர் இணை திரும்பி வந்து கார்ட்டன் ஏரிக்கரையில் கூடு கட்டியது. நம் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்கு வந்த அதே ஆண்டு. 1958-இல் காவல் இருந்தும், இருட்டில் ஒருவன் மரமேறி முட்டையைத் திருடினான். பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் அதற்கு அடுத்த ஆண்டு செய்த காரியம் துணிச்சலானது. கூட்டை மறைத்து வைக்காமல், தொலைவில் ஒரு குடில் போட்டு, வந்து பாருங்கள் என்று ஊரையே அழைத்தார். ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அத்தனை பேர் பார்க்கிற கூடே பத்திரமான கூடு என்று அன்றைக்கு விளங்கியது. இன்று பிரிட்டனில் இருநூறு இணைகளுக்கு மேல் இருக்கின்றன. நம் கைபேசிக்கு வரும் நேரலைக்கு அந்தக் குடில்தான் முன்னோடி.

பறவை அங்கே முட்டையிடுவது ஏப்ரல் நடுவில். நமக்கு அது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்கள் இனம் பெருக்கட்டும் என்று விசைப்படகுகளை அரசலாற்றில் வரிசையாகக் கட்டிப் போட்டிருப்போம். அப்படி ஒரு தடைக்கால மாலையில் என் மாமாவுக்கு இந்தக் கூட்டைக் காட்டினேன். நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். நமக்கு மாலை ஆறு மணி என்றால் அங்கே மதியம் ஒன்றரை. பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆண் ஒரு மீனோடு வந்து இறங்கியது. மீனுக்குத் தலை இல்லை. "தலைய இது தின்னுட்டுத்தான் கொண்டாருது மாமா" என்றேன். அவர் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: "புடிச்சவன் மொதல்ல சாப்புட்டாத்தாம்பா மறுபடி தொழிலுக்குப் போவ முடியும்."

அன்றிலிருந்து அவரும் தினமும் பார்த்தார். அடைகாப்பு ஏறத்தாழ 37 நாள். பெட்டை மீனைச் சாப்பிட எழுந்து போனால் ஆண் வந்து முட்டைமேல் உட்காரும். உட்காருமுன் நகம் முட்டையில் பட்டுவிடாமல் விரலை மடக்கிக்கொள்ளும். ஆற்றுக்குள் அவ்வளவு வேகமாய் விழுகிற அதே கால்கள்தான். மழை கொட்டினால் குஞ்சுகளின் மேல் சிறகை விரித்துப் பெட்டை நனைந்தபடி இருக்கும்.

அதே கூட்டில் 'லேடி' என்று எல்லோரும் அழைத்த ஒரு கிழப் பெட்டை இருந்தது. 24 ஆண்டுகள் தவறாமல் திரும்பி வந்து ஐம்பது குஞ்சுகள் வரை வளர்த்த பறவை. 2010 ஜூனில், கூட்டில் குஞ்சுகள் இருக்கும்போதே, அது தலை தொங்கி, கண் மூடி, தீனி எடுக்காமல் சுருண்டது. பிழைக்காது என்றே நினைத்தார்கள். உலகின் பல மூலைகளில் முகம் தெரியாதவர்கள் தூங்காமல் அந்தத் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். சில நாள் கழித்து அது எழுந்து மீன் தின்றது. 2014 வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

ஆகஸ்டில் தாய் முதலில் கிளம்பிவிடும். தகப்பன் இருந்து பிள்ளைகளுக்கு ஊட்டும். பிறகு ஒவ்வொரு குஞ்சும் வழிகாட்ட யாருமின்றி, பார்த்தே இராத ஒரு கரையை நோக்கித் தனியாகப் பறக்கும். நம் பனைமேல் ஏன் அது எப்போதும் தனியாக இருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கேமராவில் பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூட்டுச் சுள்ளிகளுக்கு நடுவே நைலான் கயிறு கிடந்தது. பறவை அதையும் நார் என்று எண்ணித் தூக்கி வந்துவிடுகிறது. அதில் குஞ்சின் கால் சிக்கிச் சாவதும் உண்டு. நம் கரையில் அறுத்துப் போடும் தூண்டில் நரம்பும் வலைத் துண்டும் பறவையின் காலைச் சுற்றினால் இதே கதிதான்.

தடைக்காலத்தில் வலை பின்னும் நம் வீடுகளைத்தான் கேட்கிறேன். அறுந்த நரம்பை மணலில் விடாமல் ஒரு சாக்கில் சேர்த்துவிடுங்கள். முகத்துவாரத்தை ஒட்டிப் பட்டுப்போன பனை நின்றால் வெட்டாமல் விட்டுவையுங்கள். மாலையில் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கூட்டைக் காட்டுங்கள். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் அவர்களை அரசலாற்றங்கரைக்கு அழைத்துப் போங்கள். பனையில் வெள்ளை வயிறு தெரிகிறதா என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும்.