புகை வாடையும் புகை வாசமும்

(பேரிகையில் நம் நண்பர் ஒருவரின் ரோஜாத் தோட்டத்தில் நடந்த முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "நீ முப்பது வருஷம் டீயிலேயே கிடந்தவன், டீயைப் பத்தி இருபது நிமிஷம் பேசு" என்றார். எனக்கு ஒரே பெருமை. இங்கே வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. சமையல்காரர் டீ கொண்டு வர இன்னும் இருபது நிமிஷம் ஆகுமாம்! (சிரிப்பு)

முன் வரிசையில் ஒரு சின்ன டப்பா கொடுத்திருக்கிறேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள். என்ன வாசனை என்று சத்தமாகவே சொல்லலாம். ஒருவர் சுட்ட கத்திரிக்காய் என்கிறார். ஒருவர் ஹோமம் என்கிறார். பின்னால் இருந்து ஒரு நண்பர் "தார் ரோடு" என்கிறார். மூன்றும் சரியான விடைதான். அது டீ. சீனாவில் ஃபூஜியான் மாகாணத்தில் வூயி மலையில் டோங்மு என்று ஒரு ஊர். அங்கே பைன் மரக் கட்டையை எரித்து, அந்தப் புகையிலேயே வாட்டி உலர்த்திய கறுப்புத் தேயிலை. வியாபாரத்தில் இதற்கு லாப்சாங் சூச்சாங் என்று பெயர். சூச்சாங் என்றால் சிறிய ரகம் என்று அர்த்தம். குன்னூரிலும் கொழும்பிலும் தேயிலைத் தரப் பட்டியலில் 'பீக்கோ சூச்சாங்' என்று இருந்ததே, அதே சீன வார்த்தைதான் நம்மிடமும் வந்து ஒட்டிக்கொண்டது.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்றால், மரத்தால் கட்டிய பல அடுக்குக் கட்டடம். கீழே பைன் கட்டை எரியும். மேல் அடுக்குகளில் மூங்கில் பாய் விரித்துப் பச்சை இலையைப் பரப்பி வாட்டுவார்கள். பிறகு உருட்டி, புளிக்க வைத்து, கீழ் அடுக்கில் மூங்கில் தட்டுகளில் மறுபடி அதே சூட்டிலும் புகையிலும் உலர்த்துவார்கள். இதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். ஒரு காலத்தில் பட்டாளம் வந்து ஊரில் தங்கிவிட்டதாம். இலை வீணாகிவிடப் போகிறதே என்று பயந்து, பைன் கட்டையை எரித்து அவசரமாக உலர்த்தினார்களாம். கதைதான், சாட்சி கேட்காதீர்கள். ஆனால் அவசரத்தில் பிறந்த பண்டம் என்பது நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

நம் கெமிஸ்ட்ரி சார் முன்னால் உட்கார்ந்திருப்பதால் அதையும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். விறகில் இருக்கும் லிக்னின் எரியும்போது குவாயகால் முதலான பொருட்கள் வரும். அதுதான் புகையின் வாசனை. பைன் மரத்தில் பிசின் உண்டு. அதிலிருந்து லாங்கிஃபோலீன், டெர்பினியால் போன்றவை சேரும். அதனால்தான் பைன் புகை மணக்கிறது. நம் ஊர் கருவேலம் விறகு கண்ணைக் கரிக்கிறது.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

நான் பிறந்தது இந்தப் பேரிகைப் பக்கம்தான். அப்போது கிருஷ்ணகிரி மாவட்டம் கிடையாது, அது 2004ல் வந்தது. நாமெல்லாம் தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், மாலூர் சந்தைக்குப் போனால் கன்னடம். அடுப்புக்கு வேலிக் கருவேலம், புளியஞ்சுள்ளி, தைல மரத்துச் சருகு. கர்நாடகக்காரர்கள் அந்தத் தைல மரத்தையே நீலகிரி மரம் என்பார்கள். அந்த அடுப்பில் காய்ச்சிய பாலில் அம்மா டீ போட்டால், டீயில் புகை ஏறியிருக்கும். விருந்தாளி யாராவது டவுனிலிருந்து வந்தால் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைப்பார். "பால் புகை பிடிச்சிடுச்சுங்க" என்று அம்மா கூசிப்போய்ச் சொல்வார். எனக்கு அது தெரியவே தெரியாது. டீ என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிகிரி முடித்து, ஓசூரில் வேலை தேடி அலைந்து, கடைசியில் குன்னூரில் தேயிலை ஏலத் தரகு நிறுவனம் ஒன்றில் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். குன்னூரில் 1963லிருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. டேஸ்டிங் ரூமில் நீளமான மேஜை. வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். கோப்பைக்கு 2.8 கிராம் தூள், கொதிக்கிற தண்ணீர், ஐந்தாறு நிமிஷம். உலர்ந்த தூளைப் பார்க்க வேண்டும், ஊறிய இலையை மோந்து பார்க்க வேண்டும், பிறகு ஸ்பூனில் எடுத்து 'சுர்ர்' என்று சத்தமாக உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, துப்பிவிட வேண்டும். வீட்டில் அப்படி உறிஞ்சினால் அடி விழும். அங்கே அதற்குச் சம்பளம்.

சேர்ந்த சில மாதத்தில் ஒரு நாள், ஒரு கோப்பையை உறிஞ்சினேன். திடுக்கென்று எங்கள் வீட்டு அடுப்படி! ஆசையாகத் துப்பாமலே விழுங்கிவிட்டு, "இது ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றேன். பெரியவர் வந்து ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது ஸ்மோக்கி. டிரையர்ல டியூப் ஓட்டை. விறகுப் புகை காத்தோட கலந்து தூள்ல ஏறியிருக்கு. இது குத்தம். எழுதிக்கோ" என்றார். நோட்டில் எழுதினேன். அந்தச் சரக்குக்கு விலை குறைந்தது. அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. என் அம்மா கையால் இருபது வருஷம் குடித்ததற்குத் தொழில் பாஷையில் பெயர் குற்றம் என்று அன்றுதான் தெரிந்தது.

பல வருஷம் கழித்து, வெளிநாட்டு வியாபாரி ஒருவர் இந்தச் சீனத் தேயிலை ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனார். நம் நல்ல நீலகிரி இலைத் தேயிலையைவிடப் பல மடங்கு விலை. திறந்தேன். அதே வாசனை! குன்னூரில் குற்றம், டோங்முவில் பெருமை. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பிறகு பொறுமையாகக் குடித்துப் பார்த்தபோது வித்தியாசம் புரிந்தது. ஓட்டை டியூபில் வந்த புகை, டீயின் மேல் ஏறி உட்கார்ந்து அதை அமுக்கிவிடும். வேண்டுமென்று ஏற்றிய புகை, டீக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்கும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்களும் செய்து பார்க்கலாம். 150 மில்லி தண்ணீருக்கு ஒரு சின்ன ஸ்பூன் இலை. நன்றாகக் கொதித்த தண்ணீரை ஊற்றி மூன்று நான்கு நிமிஷம் மூடி வையுங்கள். நம் டீக்கடை மாதிரி இலையைப் போட்டுக் கொதிக்க வைக்காதீர்கள், கசந்துவிடும். முதல் முறை பாலும் சர்க்கரையும் வேண்டாம். முதல் வாயில் புகை மட்டும்தான் தெரியும், "ஐயோ" என்று தோன்றும். பொறுங்கள். மூன்றாவது வாயில் புகை பின்னுக்குப் போய், உள்ளே ஒரு இனிப்பு வரும். சீனர்கள் அதை உலர்ந்த லாங்கன் பழம் என்பார்கள், லிச்சிக் குடும்பத்துப் பழம். எனக்கு அது கருப்பட்டியும் பேரீச்சையும் கலந்த மாதிரி. அடுத்து, கோப்பையை ஆற விட்டுக் குடியுங்கள். மட்டமான சரக்கு ஆறினால் சாம்பலும் தாருமாகக் கரிக்கும். நல்ல சரக்கு ஆறினாலும் இனிக்கும். முற்றிய மட்ட இலையின் குறையை மறைக்கப் புகையை அள்ளிப் போடுகிறவர்களும் உண்டு, ஜாக்கிரதை. இன்னொன்று, இந்த டப்பாவை மற்றத் தேயிலைப் பக்கத்தில் வைக்காதீர்கள். வீட்டில் உள்ள அத்தனை டீயும் டோங்மு ஆகிவிடும்.

அந்த டப்பாவை அடுத்த லீவில் அம்மாவுக்குக் கொண்டு வந்தேன். 'பாரும்மா, உன் டீ உலகத்திலேயே உசத்தி' என்று சொல்லி அந்தப் பழைய கூச்சத்தைத் துடைத்துவிடலாம் என்று எண்ணம். அப்போது வீட்டில் கேஸ் வந்துவிட்டது, என் சம்பளத்தில் வாங்கியது. அம்மா மூடியைத் திறந்து மோந்தார். "இது நம்ம அடுப்படி வாசமாச்சே. இதுக்கா காசு குடுத்தே?" என்றார். விலையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. இருமல் வந்தது. அடங்கிய பிறகு, "இந்தப் புகையை விட்டு வெளியே வர எனக்கு முப்பது வருஷம் ஆச்சுடா. நீ திரும்ப டப்பாவில போட்டு எடுத்துட்டு வந்திருக்கே" என்றார். கடைசி வரை ஒரு வாய்கூட அவர் குடிக்கவில்லை.

அந்த இருமலைப் பார்த்த ஓசூர் டாக்டர் முதலில் கேட்டது, "வீட்ல யாராவது சிகரெட் குடிப்பாங்களா?" என்றுதான். யாரும் இல்லை. விறகடுப்பு ஒன்றே போதும். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. டீயில் ஏறும் புகையும் முழுக்கச் சாது அல்ல. புகையிலிருந்து வரக்கூடிய ஆந்த்ராகுவினோன் என்ற பொருள் தேயிலையில் கிலோவுக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. எப்போதாவது ஒரு கோப்பை ருசிக்கலாம், தினம் ஆறு வேளை வேண்டாம்.

நண்பர்களே, ருசி பார்ப்பதை நாக்கு வேலை என்று முப்பது வருஷம் நினைத்தேன். அம்மா ஒரே வாக்கியத்தில் மாற்றிவிட்டார். நாமாக விரும்பி ஏற்றினால் அது வாசம். வேறு வழியில்லாமல் ஒருவர் மேல் ஏறினால் அது வாடை. இரண்டும் ஒரே புகைதான். இன்று இந்த டீயை நீங்கள் ரசிப்பதில் எனக்குச் சந்தோஷமே. ரசிக்கும்போது, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்தப் புகைக்குள் நின்று நம்மைப் படிக்க அனுப்பியவரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் விறகடுப்பில் இருக்கிற உறவுக்காரர் யாராவது இருந்தால், ஊர் திரும்பும் முன் போய்ப் பார்த்து வாருங்கள்.

அந்த டப்பா என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். தூளை நான் எடுத்துக்கொண்டேன். தகரம் நன்றாக இருக்கிறதே என்று அம்மா கழுவிக் கடுகு போட்டு வைத்தார். ஒரு மாதம் கழித்துக் குன்னூருக்குப் போன் வந்தது. "மூணு தரம் புளி போட்டுத் தேய்ச்சேன்டா. இன்னும் ரசத்துல அந்த வாசம் வருது" என்றார்.

வாடை என்று சொல்லவில்லை. வாசம் என்றுதான் சொன்னார்.

அதோ, டீ வந்துவிட்டது.